பஸ்ஸை நிறுத்துகிற சொல்

நரின் நகரத்திலிருந்து எங்கள் ஊர் வழியாகப் போகும் சின்ன பஸ்ஸில் மணியும் கிடையாது, கயிறும் கிடையாது. இறங்க வேண்டிய இடம் வந்தால் வாயைத் திறந்து "தொக்தோ" என்று சொல்ல வேண்டும். எங்கள் கிர்கிஸ் பேச்சில் 'நில்' என்று பொருள். பால் பல் விழாத குழந்தைகூடச் சொல்லும். என்னாலும் என் ஓரகத்தி புருலாலும் மட்டும் முடியாது, ஏனென்றால் எங்கள் மாமனாரின் பெயர் தொக்தோசுன்.

பெயரை எழுதிவிட்டேன். எழுதும்போது நாக்கு அசைவதில்லை, அதனால் குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இனிமேல் பெரியவர் என்றே எழுதுகிறேன். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தொட்டிலிலேயே போய்ச் சேர்ந்ததால், இதாவது நிற்கட்டும், தங்கட்டும் என்று வைத்த பெயர் அது. நின்றது. எண்பதைத் தாண்டியும் கல் மாதிரி நிற்கிறது.

வாக்கப்பட்டு வந்தவள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பெயர் மட்டுமல்ல, அந்தப் பெயர் மாதிரி காதில் விழுகிற சொல்லும் ஆகாது. இந்தக் காலத்துப் பெண்கள் செல்போனில் மாமனார் பெயரைப் போட்டு வைத்துக்கொண்டு, அது அடித்தால் வீடே அதிரச் சத்தமாகப் படிக்கிறார்கள். எங்கள் வீடு அப்படியல்ல. நாங்கள் எதற்கும் "பொறு" என்றுதான் சொல்வோம். மாட்டுக்குப் பொறு, பொங்கி வரும் பாலுக்குப் பொறு, பனியில் வழுக்கி ஓடும் பிள்ளைக்குப் பொறு. மாடு பொறுத்துக்கொள்ளும். பஸ் டிரைவர் சமத் பொறுக்க மாட்டான்.

"பொறு தம்பி, பொறு!" என்று புருல் கத்துவாள்.

"பொறுமையாத்தானே அக்கா ஓட்டுறேன்!" என்பான் அந்தப் போக்கிரி. அவனுக்கு எல்லாம் தெரியும். எங்கள் வீட்டு நீல வாசல் கடந்துபோகும், மாவு மில் கடந்துபோகும், பாலத்தருகே வேறு யாராவது இறங்கும்போதுதான் எங்களுக்கு விடிவு. அங்கிருந்து சாமானைச் சுமந்துகொண்டு நடந்து திரும்புவோம். நான் வழி முழுக்க அவனைத் திட்டுவேன். புருல் சிரித்துக்கொண்டே நடப்பாள்.

சிரிக்கக் காரணம் உண்டு. சொல்ல முடியாத சொல்லைச் சுற்றிக்கொண்டு போவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பெரியவரின் தம்பி பெயர் தெமிர், அதாவது இரும்பு. எனவே நாங்கள் இரும்பு என்று சொல்லக் கூடாது. நான் "கெட்டிச் சாமான்" என்று சொல்லிச் சமாளிப்பேன். புருலோ ஆணியை "சுவரைக் கடிக்கிறவன்" என்பாள், அடுப்பைக் கிளறும் கம்பியை "சாம்பலுக்கு வைத்தியர்" என்பாள். இன்னொரு சித்தப்பா பெயர் பஜார்பாய், அதனால் சந்தைக்கு "எல்லாரும் பொய் சொல்ற இடம்" என்று பெயர் வைத்தாள். பக்கத்துத் தெருப் பெண்கள் அவள் இன்றைக்கு என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். ஊர் மருத்துவ அறையில் தரை துடைத்து அடுப்பு மூட்டுகிற வேலை அவளுக்கு. அங்கே ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் ஊசி போட்ட பிறகும் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள், இவள் பேச்சுக்காக. அப்படிப்பட்ட வாய்.

அந்த வாய் போன நாளில் நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். இலையுதிர் காலம், பிற்பகல். நரினில் அவள் மகள் மேரிமுக்கு பூட்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பொட்டலம் புருலின் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. "கையில வெண்ணெய் தடவியிருக்கீங்களா அக்கா?" என்றேன். அவள் ஜன்னலையே பார்த்தாள். எங்கள் நீல வாசல் வந்துகொண்டிருந்தது. இறங்குவதற்கு வேறு ஆள் இல்லை.

"தொக்தோ!" என்றாள் புருல்.

பஸ்ஸில் இருந்த கிழவிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சமத் ஏதோ மாடு குறுக்கே வந்தது போலப் பிரேக்கை மிதித்தான். பஸ் நின்றது, அவள் என் மடியில் சாய்ந்தாள்.

மூளையின் இடது பக்கம் ரத்தம் கட்டிக்கொண்டது என்று நரின் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிரோடு திரும்பினாள். வலது கை தொங்கியது, வலது கால் இழுத்தது, முகத்தின் வலது பக்கம் உறங்கிப்போயிருந்தது. இத்தனை சொற்களை வைத்திருந்தவளிடம் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. முப்பது வருஷம் ஒரு தடவைகூடச் சொல்லாத சொல்.

வீட்டுக்கு வந்த அன்று பெரியவர் வெள்ளைக் கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவள் படுக்கைக்கு எதிரே வந்து நின்றார். "எப்படிம்மா இருக்கே, மகளே?" என்றார். உறவெல்லாம் சுற்றி நின்றது. புருல் அவரைப் பார்த்தாள், உதட்டைக் கூட்டினாள், கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள்.

"தொக்தோ."

அவள் கண்கள் பெரிதாயின. வேறு சொல்லைத் தேடுகிறாள் என்று எனக்குப் பட்டது. மறுபடி முயன்றாள், அதே சொல்தான் வந்தது. மருமகள் மாமனாரை முகத்துக்கு நேரே பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. பெரியவர் வெளியே போய் முற்றத்தில் நின்றார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு என் வீட்டில்தான், ஒரே முற்றம், எதிர் வாசல். புருல் தன் இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அந்தக் கையை நான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"இத்தன வருஷம் வயித்துக்குள்ள அடக்கி வச்சிருந்திருக்கா பாருங்க," என்றாள் கடைசி நாத்தனார் பாத்மா. இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள், ஆனால் மூக்கு எப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். "மரியாதையெல்லாம் வேஷம். உள்ளுக்குள்ள எங்க அத்தாவைப் பேர் சொல்லித்தான் திட்டிக்கிட்டு இருந்திருக்கா."

"உங்க வாய்க்கு மட்டும் ஒண்ணும் வராதா?" என்று கேட்டேன். அதோடு எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சு இல்லை, நிம்மதியாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் நான் ஒரு புது மொழி படித்தேன். இழுத்துச் சொன்னால் தேநீர். வெட்டிச் சொன்னால் ஜன்னலைச் சாத்து. இரண்டு தரம் வேகமாகச் சொன்னால் கன்றை அவிழ்த்துவிட்டது யார் என்று போய்ப் பார். ஏற்ற இறக்கம் எல்லாம் பழைய புருலுடையதுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அடுத்த அறையில் அவள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். சொல் மட்டும்தான் ஒன்று. ஆனால் அது தேநீருக்கும் ஜன்னலுக்கும்தான் போதும். நேற்று நடந்ததையோ, பயத்தையோ, நாளைக்கு என்ன செய்யலாம் என்பதையோ அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அவள் கணவர் நல்ல மனுஷர். குதிரைக்குக் காய்ச்சல் வந்தால் தொழுவத்திலேயே படுப்பார். அவரே அவள் தலைக்கு மேலாக விருந்தாளிகளிடம், "பாவம், ஒண்ணும் புரியாது அவளுக்கு," என்றார். புருல் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தாள். "பாத்தீங்களா," என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரியாதவள் ஏன் சரியாக அந்த வார்த்தைக்குக் கிண்ணத்தை எறிய வேண்டும்? யாரும் கேட்கவில்லை. வாய் மூடினால் மண்டையும் மூடிக்கொண்டது என்று எல்லாருக்கும் எவ்வளவு சுலபமாகத் தோன்றிவிடுகிறது!

இதற்கு நடுவில் ஒரு சாவு. பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார். கம்பளிக் கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். புருலைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் ஓரமாக உட்கார வைத்திருந்தேன். திடீரென்று அவள் குரல் எழுந்தது. இறந்தவர் ஏறிய குதிரை, அவர் கட்டிய வாய்க்கால், அவர் விட்டுப்போன காலி இருக்கை, எல்லாச் சாவிலும் நாங்கள் வைக்கிற பழைய ஒப்பாரியின் ஒவ்வொரு அடியும் முழுதாக, திருத்தமாக வந்தது. சுற்றியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். பாட்டு முடிந்தது. "அக்கா! பேச்சு வந்துடுச்சே! இன்னும் ஏதாவது சொல்லுங்க!" என்று தோளைப் பிடித்தேன்.

அவளும் நம்பித்தான் வாயைத் திறந்தாள். "தொக்தோ."

பாத்மாவுக்கு இது போதாதா? "பாட்டுக்கு வர்ற வாய் பேச்சுக்கு வராதாமா? வேலைக்கு டிமிக்கி குடுக்கிற வழி இது," என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாள். புத்தி கெட்டவள் என்றும் சொன்னாள், தந்திரக்காரி என்றும் சொன்னாள், இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குப் பொருந்தும் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

அதே பாத்மாதான் வசந்தத்தில் மேரிமுக்கு ஒரு வரனைக் கொண்டுவந்தாள். கணவாய்க்கு அந்தப் பக்கம், நிறைய யாக் மாடுகள், ஒரே பையன் உலான். மாமியார் ஆகப் போகிறவள் பெயர் ஜெய்னெப். "மொத பொண்டாட்டி ஒருத்தி இருந்தா. வாழத் தெரியாம ஓடிப்போனா. அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள் பாத்மா. நோயாளித் தாயை வைத்துக்கொண்டு பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது என்று புருலின் கணவருக்குக் கவலை. மேரிமுக்குப் பத்தொன்பது வயது. அவளோ அம்மாவுக்கு மருந்து வாங்கித் தருகிறார்கள் என்றால் யாருக்கு வேண்டுமானாலும் தலையாட்டுகிற நிலையில் இருந்தாள்.

இந்தப் பேச்சு நடந்தபோது புருல் அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். ஜெய்னெப் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

ஏன் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, மருத்துவ அறை நர்ஸ் சொல்லி. ஆனால் உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்களும் எங்களைப் போலவே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். முந்தைய வருஷம் அந்தக் குடும்பம் மந்தையோடு கணவாயின் இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது, ஜெய்னெப் தன் மருமகளை எங்கள் ஊர் மருத்துவ அறைக்குக் கூட்டி வந்தாள். கை ஒடிந்திருந்தது, கழுத்தில் விரல் பதிந்த தடம். நர்ஸ் அந்தப் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் ஜெய்னெப்தான் பதில் சொன்னாள். குதிரை தள்ளிவிட்டது என்றாள். ஜெய்னெப் காசு எடுக்க வெளியே போன நேரத்தில், தரை துடைத்துக்கொண்டிருந்த புருலின் மேலங்கியை அந்தப் பெண் பிடித்தாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை, காப்பாற்று என்று சொல்லவில்லை. "அக்கா, பஸ்ஸுக்கு எங்க நிக்கணும்?" என்றாள். புருல் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக அவளைக் கூட்டிப் போய், சமத்தின் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். நர்ஸ் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். வெளியே தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும், அதனால் இருவரும் வாயே திறக்கவில்லை. இப்போது புருலுக்குத் திறக்க வாய் இல்லை.

அன்றிலிருந்து அவள் என்னை விடவில்லை. என் கையைப் பிடித்து இழுப்பாள், மேரிமைக் காட்டுவாள், கணவாய்ப் பக்கம் காட்டுவாள், "தொக்தோ, தொக்தோ," என்பாள்.

"மேரிம் அவ்வளவு தூரம் போறாளேன்னு வருத்தமா அக்கா?"

இல்லையென்று தலையசைப்பாள்.

"சீர் பத்தாதுன்னு நினைக்கிறீங்களா? பூட்ஸா? அத்தா கோவமா?"

இல்லை, இல்லை, இல்லை. கேள்வி சரியாக இருந்தால்தானே ஆமாம் என்று தலையாட்ட முடியும்! அந்தக் கேள்வி என் மண்டையிலேயே இல்லை. அவள் உள்ளே நின்று கதவைத் தட்டுகிறாள், நான் வெளியே நின்று வேறு வேறு சாவியைப் போட்டுப் பார்க்கிறேன், எதுவும் சேரவில்லை. பேனாவைக் கொடுத்தால் எழுத்தும் வரவில்லை. மூன்றாம் வகுப்பில் படித்த எழுத்துகூட கோணல் கோடாகத்தான் விழுந்தது. கடைசியில் அடுப்புக் கரியை இடது கையில் எடுத்து வெள்ளையடித்த சுவரில் ஒரு பெட்டி போட்டாள். பெட்டிக்குக் கீழே இரண்டு வட்டம்.

"பஸ்!" என்று துள்ளினேன்.

அவள் முகம் மலர்ந்தது. ஆமாம், ஆமாம்!

"நரின் ஆஸ்பத்திரிக்குப் போகணும்! அதானே? இதச் சொல்லத்தான் இவ்வளவு பாடா?" என்று சொல்லி, அவள் தலையசைப்பதைக்கூடப் பார்க்காமல், மறுநாள் காலையிலேயே அவளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். என் மாதிரி புத்திசாலிகள் இருக்கிற வீட்டில் ஊமையாக இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை!

போனதில் ஒரு நல்லது நடந்தது. டாக்டர் எல்னூரா அவள் முன்னால் படங்களைப் பரப்பினார். சாவியைக் காட்டச் சொன்னார், காட்டினாள். வெட்டுகிற சாமானைக் காட்டச் சொன்னார், கத்தியைக் காட்டினாள். "கல் தண்ணீல மிதக்குமா?" என்று கேட்டார். என்ன கேள்வி இது என்பதுபோல் புருல் என்னைப் பார்த்தாள், பிறகு இல்லையென்று தலையசைத்தாள்.

"யோசனையெல்லாம் அப்படியேதான் இருக்கு," என்றார் டாக்டர். "யோசனைக்கு வார்த்தையைத் தேடிக் குடுக்கிற இடம் இடது பக்கம் இருக்கு. அதுதான் போயிடுச்சு. பாட்டு, தொழுகை, பழகிப்போன வசவு இதெல்லாம் அங்க மட்டும் இல்ல, மூளையில வேற வழியாகவும் வரும். அதனாலதான் ஒப்பாரி வந்துச்சு. நடிப்பு இல்ல."

"ஆனா ஏன் இந்த ஒரு சொல் மட்டும்?"

"சரியா யாராலயும் சொல்ல முடியாது. வாதம் வந்த நேரத்துல நாக்குல இருந்தது சில பேருக்கு அப்படியே தங்கிடும்."

"அவங்க அதுக்கு முன்னாடி ஒரு தடவகூட அதைச் சொன்னதில்ல டாக்டர். மாமனார் பேரு. நாங்க சொல்ல மாட்டோம்."

டாக்டர் கொஞ்சம் சிரித்தார். "சொன்னதில்ல. நினைச்சாங்களா?"

பஸ்ஸில் ஒவ்வொரு தடவையும், பால் பொங்கும் ஒவ்வொரு தடவையும், அந்தச் சொல்தான் முதலில் வரும். அது வந்த பிறகுதான் அதைத் தள்ளிவிட்டு 'பொறு'வைத் தேட வேண்டும். எது வரக் கூடாது என்று தெரிந்தால்தானே அதைத் தடுக்க முடியும்? அப்படிப் பார்த்தால், நானும் புருலும் வாழ்க்கையில் மிக அதிகமாக நினைத்த சொல் அதுதான். புருல் டாக்டரின் மேஜையை இடது கையால் தட்டினாள். மறுபடி பஸ் வரைந்தாள். "வீட்டுக்குப் போகணும்ங்கிறாங்க," என்றார் டாக்டர். புருல் காகிதத்தின்மேல் நெற்றியை வைத்து அழுதாள்.

அன்று மாலை தேநீரின்போது டாக்டர் சொன்னதை எல்லாரிடமும் சொன்னேன். பாத்மா உதட்டைச் சுழித்தாள். பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்போ அவ தெரிஞ்சு என்னைச் சொல்லலையா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தா. வேற எந்தச் சொல்லும் வெளிய வர மாட்டேங்குது."

அன்று இரவு வெகுநேரம் அவர் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

கம்மல் போடும் நாள் வந்தது. பெண்ணின் காதில் மாப்பிள்ளையின் தாய் கம்மலைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு பெண் அந்த வீட்டுச் சொத்து. விரிப்பு நிறையப் பொரித்த மாவு உருண்டைகள், வெண்ணெய், தேன், அவித்த ஆட்டுத் தலை. புருலை உள்ளறையில் வைத்து பாத்மா வெளியே கொண்டியைப் போட்டாள். "விருந்தாளி முன்னாடி அத்தாவைப் பேர் சொல்லி அசிங்கப்படுத்தணுமா?" என்றாள். புருலின் கணவர் வேறு பக்கம் பார்த்தார். நான் திறக்கப் போனேன், என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஜெய்னெப் சிவப்புத் துணியைப் பிரித்து வெள்ளிக் கம்மலை எடுத்தாள். இனிமையான குரல் அவளுக்கு. "எங்க வீட்டுல பொண்ணு மகாராணி மாதிரி இருப்பா," என்றாள். மேரிம் முக்காடைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

உள்ளே தடியால் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. "தொக்தோ!"

"யாரது?" என்றாள் ஜெய்னெப்.

"எங்க அண்ணி. புத்தி சரியில்ல. பேர் சொல்லிக் கத்தும், நீங்க போடுங்க," என்றாள் பாத்மா.

"தொக்தோ! தொக்தோ!" கதவு அதிர்ந்தது. எல்லார் கண்ணும் பெரியவர் பக்கம் போனது. சம்பந்தி வீட்டார் முன்னால் தன் பெயர் இப்படித் தெருவில் விற்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு அவர் நடு இடத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். மறுபடி முற்றத்துக்குப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் உள்ளறைக் கதவுக்குப் போய்த் தன் கையாலேயே கொண்டியை நீக்கினார்.

புருல் நின்றாள். முக்காடு நழுவி, தலை திறந்து கிடந்தது. மாமனார் முன்னால் அவள் அப்படி நின்றதே இல்லை. ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தாண்டி, மகள் காதருகே இருந்த அந்தக் கையைப் பார்த்தாள். தொண்டை கிழியச் சொன்னாள். "தொக்தோ."

பெரியவர் அவள் பார்வை போன வழியே திரும்பிப் பார்த்தார்.

"என்னைக் கூப்பிடுறவ என்னைப் பாத்துல்ல கூப்பிடணும்," என்றார் மெதுவாக. "இவ உன் கையைப் பாத்துச் சொல்றாம்மா. நில்லுன்னு சொல்றா. நிறுத்து."

"புத்தி கெட்டவ பேச்சைக் கேட்டா கம்மலை நிறுத்துவாங்க?" என்றாள் ஜெய்னெப். இனிமை எங்கோ போயிருந்தது.

"அவ புத்தி எனக்குத் தெரியும். நாக்கு நுனிக்கு வந்த சொல்லை இந்த வீட்டுல முப்பது வருஷம் முழுங்கினவ. புத்தி கெட்டவளால அது முடியாது. காரணம் எனக்குத் தெரியல. அவளுக்குத் தெரியும். அது போதும். கம்மலைப் பையில போடு."

அப்போதுதான் ஜெய்னெப் புருலின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். மருத்துவ அறையில் துடைப்பத்தோடு நின்றவள் முகத்தை அன்று பார்த்திருப்பாளோ என்னவோ. ஆனால் எதுவோ இடறியது. வாதாடவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். மேரிம் போய் அம்மாவின் முக்காடை எடுத்துத் தலையில் போட்டுவிட்டு, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாத்மா மட்டும், "இவ்வளவு வெண்ணெய் வீணாப் போச்சே," என்றாள்.

மறுநாள் பெரியவர் புருலின் அடுப்போரம் வந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார். அவள் இடது கையால் ஊற்றினாள், பாதி விரிப்பில் சிந்தியது. அவர் அதைக் குடித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "இனிமே அந்தச் சொல்லைத் தாராளமாச் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அனுமதி எனக்குக் கிடைத்தது, என் நாக்குக்குக் கிடைக்கவில்லை. தனியாகத் தொழுவத்தில் நின்று சொல்லிப் பார்த்தேன். தொக் என்ற இடத்திலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது. எனக்கு எந்த வாதமும் வரவில்லை, ரத்தமும் கட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தக் கதவு மூடிய கதவுதான்.

கோடையில் டாக்டரிடம் காட்டிவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் ஊரில் இறங்குகிறவர்கள் வேறு யாருமில்லை. நீல வாசல் தெரிந்தது. "பொறு..." என்று ஆரம்பித்தேன். சமத் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். மேரிம் வாசலில் நின்று கையசைத்தாள். வாசல் நழுவப் பார்த்தது.

புருல் என்னைப் பார்த்து முகத்தின் இடது பக்கத்தால் சிரித்தாள். "தொக்தோ," என்றாள், ராணி மாதிரி.

பஸ் நின்றது. அவள் சொல்லி அது நின்றது இரண்டாவது தடவை. முதல் தடவை அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம், இந்தத் தடவை அவளே தடியை ஊன்றி இறங்கினாள்.

பஸ் போன பிறகு அவள் வாசலில் நின்று என்னிடம் ஏதோ பேசினாள். அதே சொல்தான், ஆனால் நீளமான பேச்சு. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி யோசித்தாள், ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தினாள், கடைசியில் கேள்வியாக முடித்தாள். தேநீர் இல்லை, ஜன்னல் இல்லை, கன்று இல்லை. எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை.

"என்னக்கா?" என்றேன்.

இன்னொரு தடவை, முதலிலிருந்து, பொறுமையாகச் சொன்னாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.